பாட்டியின் அம்மி: 22 வருடம் அரைத்த பிறகு

எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஓர் அம்மி கிடக்கிறது. பாட்டி கையில் 40 வருடத்துக்கு மேல் இருந்தது. என் கைக்கு வந்து 22 வருடம். “இன்னுமா இதுல அரைக்கிறீங்க அக்கா?” என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கல்லைப் பற்றி முதலில். ஒன்றரை அடி நீளம், பத்து அங்குல அகலம், ஐந்து அங்குல கனம். 40 கிலோவுக்குக் குறையாது; இரண்டு ஆள் பிடிக்காமல் நகராது. சுத்தமான கருங்கல். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பக்கம் போனால் கண்ணில் படுவதெல்லாம் குன்றுகள்தான், ஆனால் அவை சுண்ணாம்புக் கல். புளியும் எலுமிச்சையும் அந்தக் கல்லை அரிக்கும். கருங்கல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை. இத்தனை வருடம் புளி வைத்து அரைத்தும் ஒரு சொரசொரப்பான தடம்கூட விழவில்லை.

பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விடுவார். வெயில் ஏற ஏறக் கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வெட்டுத் தொடங்கிவிடும். தோளில் காண்டாக் கம்பை வைத்து, இரு முனையிலும் வாளி மாட்டிப் பாலைச் சுமந்துபோய் ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பும்போது உச்சி வெயில். கையெல்லாம் ஒட்டுப்பால் நாற்றம். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, தானும் மோந்து பார்த்து, என் மூக்கிலும் ஒரு தடவை காட்டி, நான் தலையாட்டிய பிறகுதான் அம்மியில் கை வைப்பார்.

மசாலாவை வழித்து எடுத்ததும் சூடான சோற்றில் ஒரு கரண்டி அம்மியிலேயே போடுவார். கல்லில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை அந்தச் சோற்றால் துடைத்துத் திரட்டி, உருண்டை பிடித்துத் தருவார். அம்மி வழித்த சோறு என்றுதான் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர். நெத்திலிக் கருவாட்டுத் துவையல் அரைக்கிற நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எத்தனை பேர் வந்தாலும் பாட்டி உருண்டையைச் சின்னதாக்குவாரே தவிர ஆளைக் குறைக்க மாட்டார்.

மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஜனங்கள் வீதிக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், தொழிலாளிகளே காசு சேர்த்துத் தோட்டம் வாங்க வேண்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பங்கு வாங்கினார். அந்தப் பத்திரம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஆனால் நாங்கள் இருந்த தோட்டம் வேறு முதலாளியுடையது. அது கைமாறி, கித்தாவைச் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்கள். வேலை போனால் லயத்து வீடும் போனது மாதிரிதான்.

கிளம்புகிற அன்று லாரியில் இடமில்லை. “அம்மியை விட்டுட்டு வாங்கம்மா, டவுன்ல புதுசு வாங்கித் தரேன்” என்றார் அப்பா. பாட்டி பதிலே சொல்லவில்லை. குழவியை எடுத்து முந்தானையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். அம்மியும் குழவியும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தியவை. வேறு குழவி போட்டால் நடுவில் சந்து விழும், மிளகாய் விதை நசுங்காது. அப்பாவுக்கும் அது தெரியும். மறுநாளே யாரிடமோ வண்டி கேட்டு அம்மியை ஏற்றிக்கொண்டு வந்தார்.

சரி, பயன்பாட்டுக்கு வருகிறேன். தினமும் அரைப்பதில்லை. இட்லிச் சட்னிக்கு பிளெண்டர்தான். மீன் குழம்பு, கருவாட்டுத் துவையல், சம்பால், இந்த மூன்றுக்கும் அம்மிதான். பிளெண்டர் கத்தி வெட்டும், கல் நசுக்கும். காய்ந்த மிளகாயை வெட்டினால் தோல் துணுக்காக நிற்கும். நசுக்கினால் நிறமும் எண்ணெயும் இறங்கும். பிளெண்டர் சுற்றுவதற்கு ஊற்றுகிற தண்ணீரும் இதற்கு வேண்டாம், தெளித்தால் போதும். மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, கல்லுப்போடு முதலில் அரையுங்கள். உப்பு இருந்தால் மிளகாய் வழுக்காது. சின்ன வெங்காயம் கடைசியில். முதலிலேயே போட்டால் சாறு விட்டு எல்லாம் வழுக்கி ஓடும்.

கஷ்டமும் இருக்கிறது. நாலு பேர் குழம்புக்கு 20 நிமிடம் பிடிக்கும். தரையில் குந்தி அரைக்க என் முட்டி இப்போது விடுவதில்லை, அதனால் செங்கல் மேடை கட்டி இடுப்பு உயரத்தில் வைத்திருக்கிறேன். மிளகாய்க்கு முன்னால் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவாவிட்டால் ராத்திரி எரியும். சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, அந்த வாசனை அடுத்த சமையலில் ஏறிவிடும். மழைக்காலத்தில் ஈரத்தோடு விட்டால் பாசி பிடிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம், கல் வழவழப்பாகிவிடுவதுதான். அப்போது கொத்த வேண்டும். நான் பல வருடம் தள்ளிப்போட்டேன். காரணம், நடுவில் இருக்கும் பள்ளம். பாட்டி அரைத்து அரைத்து விழுந்தது அது. என் கை அதில் படும்போது பாட்டி கைமேல் கை வைத்த மாதிரி இருக்கும். அங்கே எப்படி உளி வைக்கச் சொல்வது? கடைசியில் விழுதே வராமல் மிளகாய் சறுக்கத் தொடங்கியபோது மனம் இறங்கியது.

கோயில் திருப்பணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த சிற்பி ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்தோம். அவர் உளியை எடுக்கவில்லை. பள்ளத்தில் உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். “இடப்பக்கம் ஆழமா இருக்கே. அரைச்சவங்க இடதுகைக்காரங்களா?” என்றார். இல்லை. காண்டாக் கம்பு அழுத்தி அழுத்திப் பாட்டியின் வலது தோள் செத்துப்போயிருந்தது. குழவியை இடது கையால்தான் ஊன்றித் தள்ளுவார். சின்ன வயதில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், கல்லில் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது.

“மேல்தோல்தாம்மா கொத்துவேன், பள்ளம் எங்கேயும் போகாது” என்றார். போகவில்லை. கொத்திய பிறகு ஊறவைத்த பச்சரிசியை மூன்று தடவை அரைத்துக் கொட்டினேன். மூன்றாம் தடவைதான் மாவில் மணல் நெரநெரக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் நெத்திலித் துவையல். என் மகளுக்கு அம்மி வழித்த சோறு கொடுத்தேன்.

இப்போது மறுபடி வழுக்கத் தொடங்கியிருக்கிறது. அந்தச் சிற்பி ஊருக்குத் திரும்பிவிட்டார். ஈப்போ, குவாலா கங்சார் பக்கம் நல்ல கை உள்ளவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வந்ததும் முதலில் கையை வைத்துப் பார்க்கிற ஆளாக இருந்தால் நல்லது.