பதிவாளர் முன்னாலா, மதகுரு முன்னாலா?

பதிவுத் திருமணமா, சமயச் சடங்கா என்ற பேச்சு வந்தால் செலவு, வீட்டார் விருப்பம் என்றே போகும். சட்டத்தின் கவலை வேறு. உரிய வயது ஆகிவிட்டதா, இருவருக்கும் மனப்பூர்வமான சம்மதமா, தடைசெய்யப்பட்ட உறவுமுறையா? எந்த வழியில் போனாலும் அநேகமாக இந்தக் கேள்விகள் வரும். யார் நடத்திவைத்தால் அரசு ஒப்புக்கொள்ளும் என்பதில்தான் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

பிரான்ஸில் குழப்பமே இல்லை. 1792 முதல் நகராட்சியில் நடக்கும் திருமணம் மட்டுமே செல்லும். சர்ச்சோ மசூதியோ அப்புறம்தான், அதுவும் விருப்பப்பட்டால். நகராட்சிச் சான்று இல்லாமல் சமயத் திருமணங்களை வழக்கமாக நடத்திவைக்கும் குருவுக்கு 6 மாதம் வரை சிறையும் 7,500 யூரோ வரை அபராதமும் உண்டு. ஜெர்மனியிலும் பதிவு மட்டுமே கணக்கு. ஆனால் பதிவுக்கு முன் சமயச் சடங்கு கூடாது என்ற தடையை 2009-இல் எடுத்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் இரண்டு வழியும் செல்லும். சிக்கலும் அதனால்தான். பதிவுத் திருமணத்துக்கு நேரில் போய் அறிவிப்புக் கொடுத்து 28 நாள் காத்திருக்க வேண்டும். அந்தச் சடங்கில் ஜெபமோ வேதவாசிப்போ கூடாது. இங்கிலாந்துத் திருச்சபையில் என்றால் பெரும்பாலும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாலே, அதாவது மணமக்கள் பெயரைச் சபையில் அறிவித்தாலே, போதும். மற்ற சமயத்தாருக்கு வழிபாட்டிடமே திருமணத்துக்கென்று பதிவாகியிருக்க வேண்டும். யூதர்களுக்கும் குவாக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1753-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடைத்த விலக்கின் தொடர்ச்சி அது. இன்றைக்கு இதற்கு என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

இதில் அடிபடுவது நம்பி வந்தவர்கள்தான். அப்படிப் பதிவாகாத இடத்தில் ஊரறிய நிக்காஹ் முடித்து, வருடக்கணக்கில் குடும்பம் நடத்தி, பிரியும்போதுதான் சட்டப்படி கல்யாணமே ஆகவில்லை என்று தெரியவரும். 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு நிக்காஹ்வைச் செல்லாத திருமணம் என்றுகூடச் சொல்ல மறுத்துவிட்டது. செல்லாத திருமணம் என்றாலாவது சொத்துப் பங்கீடு கேட்கலாம். அதற்கும் வழியில்லாமல் போனது.

இத்தாலி இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுகிறது. 1929-இல் வத்திக்கானோடு செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து கத்தோலிக்கத் திருமணத்துக்கே சட்ட மதிப்பு உண்டு. பாதிரியாரே தம்பதியருக்கான உரிமை, கடமைச் சட்டப் பிரிவுகளை வாசித்துக் காட்டி, ஆவணத்தை ஐந்து நாளுக்குள் நகராட்சிக்கு அனுப்பிவிடுவார். வசதியான ஏற்பாடு, கத்தோலிக்கர்களுக்கு.

இஸ்ரேலிலும் லெபனானிலும் உள்நாட்டில் பதிவுத் திருமணம் என்ற வழி கிட்டத்தட்ட இல்லை. வேற்று மதத்தவரைக் காதலித்தவர்கள் சைப்ரஸுக்குப் போய் மணந்து வந்து உள்ளூரில் பதிகிறார்கள். வெளிநாட்டில் நடந்ததை ஏற்கும் அரசு, அதையே உள்ளூரில் நடத்த விடாதது வேடிக்கைதான்.

இன்னொன்று, கல்யாணத்தன்று யாரும் நினைக்காதது: பிரிவு. சட்டப்படி விவாகரத்து வாங்கினாலும் கத்தோலிக்கச் சபையில் மறுமணம் செய்ய, முதல் மணம் செல்லாது என்று சபையும் தீர்ப்பளிக்க வேண்டும். யூத மரபில் கணவன் 'கெட்' என்ற விலக்குச் சீட்டைக் கொடுத்தால்தான் மனைவிக்கு விடுதலை. பதிவு மட்டும் செய்தவர்களுக்கு ஒரே நீதிமன்றத்தோடு வேலை முடிகிறது.

எனக்குப் பிரான்ஸ் வழிதான் சரியாகப் படுகிறது. அது இல்லாத நாட்டில் சமயச் சடங்கு வைப்பவர்கள், மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே மதகுருவிடம் கேட்டுவிடுவது நல்லது: இங்கே நடத்தினால் அரசுப் பதிவும் ஆகுமா, ஆகும் என்றால் காகிதத்தை யார் அனுப்புவார்கள்?