இயற்கை சோயாவுக்கு சைக்கிள் வீடர் வாங்கலாமா?

சோயா மொச்சையை ரசாயனம் இல்லாமல் சாகுபடி செய்கிறவர்களுக்குப் பூச்சியை விடப் பெரிய தலைவலி களைதான். விதைத்த 15ஆம் நாளில் இருந்து 40ஆம் நாள் வரை வயலைக் களைக்கு விட்டுவிட்டால், அதற்குப் பிறகு என்ன ஊற்றினாலும் போன மகசூல் திரும்பி வராது. அந்த நாட்களில் களையெடுக்க ஆள் கிடைக்காதவர்கள் தேடிப் போகும் கருவிதான் கையால் தள்ளும் சைக்கிள் வீடர். முன்னால் ஒரு சக்கரம், அதன் பின்னால் மண்ணின் மேல்தோலைச் சீவிக்கொண்டு போகும் கத்தி, இடுப்பு உயரத்தில் கைப்பிடி. இவ்வளவுதான் கருவி.

ஒரு ஏக்கர், மிஞ்சிப்போனால் ஒன்றரை ஏக்கர் சோயா போடுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் விதைப்பதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். கத்தியின் அகலத்தை அளந்து பார்த்துத்தான் வரிசை இடைவெளியை முடிவு செய்ய முடியும். விதைத்துவிட்டு வாங்கினால் பாதிப் பயன் போய்விடும்.

சோயாவுக்கு 30 செ.மீ. வரிசை என்பது வழக்கமான பரிந்துரை. அந்த இடைவெளியில் 20 செ.மீ. கத்தியை ஓட்டினால் இரு பக்கமும் 5 செ.மீ. மட்டுமே மிச்சம். கை கொஞ்சம் ஆடினாலும் பயிர் அறுபடும். இந்தக் கருவிக்கு 45 செ.மீ. வரிசையும் செடிக்குச் செடி 5 செ.மீ.யும் சரியாக இருக்கும். ஏக்கருக்குச் சுமார் 1.8 லட்சம் செடி வரும். நூறு விதை 12 கிராம் எடை, முளைப்பு 70 சதவீதம் என்று வைத்தால் சுமார் 31 கிலோ விதை வேண்டும். சோயா விதையின் தோல் மெல்லியது. மூட்டையைத் தூக்கிப் போட்டாலே முளைப்புத்திறன் குறையும். ஈரச் சாக்கில் நூறு விதையை வைத்து எண்ணிப் பார்க்காமல் விதைக்கவே கூடாது. முளைப்பு குறைந்து இடைவெளி விழுந்த இடத்தில் களைதான் வளரும், அதைக் கத்தியும் எட்டாது. கயிறு பிடித்து நேராக, 3 செ.மீ. ஆழத்துக்குள் விதையுங்கள். வரிசை வளைந்தால் கருவியைக் கொட்டகையில் சாத்தி வைக்க வேண்டியதுதான்.

முதல் ஓட்டம் விதைப்புக்கு முன்பே வரும். நிலத்தைத் தயார் செய்து ஒரு தண்ணீர் விட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் களையை முளைக்க விடுங்கள். அதன்மேல் 2 செ.மீ. ஆழத்தில் கத்தியை ஓட்டிவிட்டு, மண்ணை மறுபடி ஆழமாகக் கிளறாமல் விதையுங்கள். கிளறினால் கீழே கிடக்கும் களை விதைகள் மேலே வந்து மறுபடி முளைக்கும்.

விதைத்த நாலாம் நாளில் இருந்து எட்டாம் நாள் வரை வயலில் கருவியை இறக்கக் கூடாது. அப்போது சோயா முளை கொக்கி போல வளைந்து, வித்திலைகளைத் தூக்கிக்கொண்டு மண்ணைப் பிளந்து வரும். லேசாகத் தட்டினாலும் கழுத்து ஒடியும். ஒடிந்த செடி திரும்பத் துளிர்க்காது.

12 முதல் 15 நாளுக்குள் வரும் ஓட்டம்தான் மிக முக்கியம். விரலால் மேல்மண்ணைக் கீறிப் பார்த்தால், இன்னும் வெளியே வராத களை முளைகள் வெள்ளை நூல் போலக் கிடக்கும். அந்தப் பருவத்தில் கத்தி பட்டால் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் சுருண்டுவிடும். களை நாலு இலை விட்ட பிறகு போனால் கத்தி அறுக்காமல் இழுக்கும், தள்ளுகிறவர் தோள் போகும். 22ஆம் நாள் ஒரு ஓட்டம், 32ஆம் நாள் வாக்கில் மண் அணைக்கும் கொழுவை மாட்டி கடைசி ஓட்டம். பூ எடுத்த பிறகு வேண்டாம்.

ஆழம் 3 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்: முடிச்சுகள் பெரும்பாலும் மேல் வேரிலேயே ஒட்டியிருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் அந்த முடிச்சு காற்றில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) செடிக்குப் பிடித்துக்கொடுக்கிறது. கத்தி ஆழமாகப் போனால் களையோடு இதையும் அறுக்கிறோம்.

மண் பதம் தப்பினால் கருவி வேலை செய்யாது. ஒரு பிடி மண்ணைப் பிடித்து உருட்டி விட்டால் உதிர வேண்டும். கரிசல் ஈரமாக இருந்தால் கத்தியில் அப்பிக்கொள்ளும், காய்ந்துபோனால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து பயிர் மேல் விழும். ஓட்டியபின் இரண்டு நாள் தண்ணீர் காட்டாதீர்கள். காட்டினால் கானாம்வாழையும் பருப்புக்கீரையும் அறுபட்ட துண்டிலேயே வேர் விட்டுவிடும். கோரைக்கும் அறுகுக்கும் இந்தக் கருவி மருந்தே இல்லை. கோரை தலையைச் சீவினால் கிழங்கில் இருந்து மறுபடி எழும். அந்த நிலத்தைக் கோடை உழவில் சரிசெய்துவிட்டுத்தான் சோயாவுக்கு வர வேண்டும். செடிக்குச் செடி நடுவில் இருக்கும் களையை எப்படியும் கையால்தான் பிடுங்க வேண்டும். 22ஆம் நாள் ஓட்டத்தோடு ஒரு கைக்களைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் ‘ஆளே வேண்டாம்’ என்று விற்பது சரியில்லை.

கடையில் வண்ணத்தைப் பார்க்காதீர்கள், கத்தியைத் தாங்கும் தண்டின் வெல்டிங்கைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் விடும். கைப்பிடி உயரத்தை மாற்றத் துளைகள் இருக்க வேண்டும், போல்ட்டுகளுக்கு ஸ்பிரிங் வாஷர் இருக்க வேண்டும். கல் நிறைந்த செம்மண்ணில் கம்பி போட்ட சைக்கிள் சக்கரம் கோணிவிடும், பட்டை இரும்புச் சக்கரம் நிற்கும். கூட வரும் கத்தி சீக்கிரம் மழுங்கினால், லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லுப்பட்டறையில் ஒன்று அடித்து வாங்குங்கள். அரத்தைக் கையோடு வைத்துக்கொண்டு, நாலைந்து வரிசைக்கு ஒரு முறை தீட்டுங்கள்.

45 செ.மீ. வரிசையில் ஏக்கருக்கு ஒரு ஓட்டம் என்றால் 9 கிலோமீட்டர் நடை, அதுவும் முன்னே தள்ளிப் பின்னே இழுத்து. விதைத்த பிறகு வரும் மூன்று ஓட்டத்துக்கு மட்டும் 27 கிலோமீட்டர். மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது ஆகாது. சோயா பெரிதாக விளையும் மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் டோரா, குல்பா என்று மாடு பூட்டி ஓட்டும் கத்திக் கருவிகள் இருக்கின்றன. அந்த அளவு நிலத்துக்கு அப்படி மாடு பூட்டிய கருவியோ, இன்ஜினில் ஓடும் பவர் வீடரோதான் சரி.