50 கிராம் குறைந்த ஸ்டெம்: ஏறுவதற்கா, இறங்குவதற்கா?

சேலத்தில் ரோடு பைக் வைத்திருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏற்காடுதான். அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் ஏரி. ஊர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில், ஏற்காடு 1,500 மீட்டரில். இந்த 1,200 மீட்டரை மிதித்தே ஏற வேண்டியிருப்பதால் எடைப் பேச்சு இங்கே ஓயாது. முதலில் சக்கரத்தை மாற்றுவார்கள், பிறகு சீட்டை. கையில் இன்னும் காசு மிச்சமிருந்தால், ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில் கண் விழும்.

100 மி.மீ. நீளத்தில் நம் கைக்கு எட்டுபவை மூன்று வகை. ஃபோர்ஜிங் முறையில் அடித்த, முன்பக்கம் நான்கு போல்ட் உள்ள சாதாரண அலுமினியம் ஸ்டெம்: 120 முதல் 150 கிராம். 7075 வகை அலுமினியத்தைக் குடைந்து குடைந்து இளைக்க வைத்த 'இறகு' ஸ்டெம்: 80 முதல் 100 கிராம். மூன்றாவது கார்பன். இதன் எடை யார் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. உள்ளே அலுமினியமும் மேலே ஒரு சுற்று கார்பன் துணியும் உள்ள சில மாடல்கள் முதல் வகையைவிடக் கனமாகக்கூட இருக்கும். அதில் கறுப்பு நெசவு பார்வைக்கு மட்டும்தான்.

முதலுக்கும் இரண்டாவதற்கும் வித்தியாசம் 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆள், பைக், தண்ணீர் எல்லாம் சேர்த்து 84 கிலோ, அடிவாரத்திலிருந்து மேலே போக ஒண்ணேகால் மணி நேரம். உங்கள் சக்தி முழுவதும் எடையைத் தூக்குவதற்கே செலவாகிறது என்று கணக்குப் போட்டாலும், 50 கிராம் குறைத்தால் மிச்சமாவது மூன்று விநாடிகூட இல்லை. பாட்டிலில் 50 மில்லி தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் அதே பலன் காசில்லாமல் கிடைக்கும்.

எடையை இதோடு விடலாம். விறைப்புதான் கொஞ்சம் சிக்கலானது.

கடைக்காரர்களும் விளம்பரங்களும் போட்டுக் குழப்புவது வலுவையும் விறைப்பையும்தான். உடையாமல் தாங்குவது வலு. வளையாமல் நிற்பது விறைப்பு. 7075-T6 அலுமினியத்தின் நெகிழ்வெல்லை (நிரந்தரமாக வளைந்துபோகத் தொடங்கும் அழுத்தம்) சுமார் 500 மெகாபாஸ்கல். 6061-T6-க்கு அது 275-ஐ ஒட்டி. வலுவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் விறைப்பைக் காட்டும் மீள்குணகம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, 70 கிகாபாஸ்கல் சுற்றளவில். "எங்களுடையது 7075, அதனால் குழாயின் சுவரை மெலிதாக்கினோம்" என்று ஒரு கம்பெனி சொன்னால், உடையாதிருக்க வழி செய்திருக்கிறார்கள், விறைப்பைக் கையோடு கழற்றிவிட்டார்கள் என்று படித்துக்கொள்ளுங்கள். இளைத்த ஸ்டெம் முறுக்கிக்கொடுப்பதற்குக் காரணம் மட்டமான உலோகம் அல்ல, மெலிந்த சுவர்.

எஃகும் டைட்டானியமும் எங்கே நிற்கின்றன? மீள்குணகத்தை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். அலுமினியம் 69-க்கு 2.7, டைட்டானியம் 110-க்கு 4.5, எஃகு 200-க்கு 7.8. மூன்றுமே 25-ஐ ஒட்டித்தான் வருகின்றன. கிராமுக்குக் கிராம் எந்த உலோகமும் இன்னொன்றை ஜெயிப்பதில்லை. அலுமினியம் முந்துவது விட்டத்தால். சுவரின் கனத்தை மாற்றாமல் குழாயை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் எடை இரண்டு மடங்கு, வளைவுக்கு எதிரான விறைப்பு எட்டு மடங்கு. லேசான உலோகத்தைத்தான் எடை ஏறாமல் அப்படித் தடிக்க வைக்க முடியும். (இதே சேர்வராயன் மலையில் பாக்சைட் தோண்டி, மேட்டூர் மால்கோவில் அலுமினியமாக்கிய காலம் உண்டு. எஃகுக்கு இரும்பாலை இருக்கவே இருக்கிறது. ஸ்டெம் மட்டும் தைவானிலிருந்தோ சீனாவிலிருந்தோ வர வேண்டியிருக்கிறது.)

அந்த விறைப்பு உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா? அது ஆளைப் பொறுத்தது. 60 கிலோ ஆள் உட்கார்ந்தே மிதித்து ஏறினால் எந்த ஸ்டெம்மும் போதும். 85 கிலோ ஆள் வளைவின் உள்பக்கச் செங்குத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது, ஒரு கை பாரை மேலே இழுக்கிறது, மறு கை கீழே அழுத்துகிறது. நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கப்படுவது ஸ்டெம். நீளமும் இதில் சேரும்: நுனியில் அழுத்தும்போது வளைவது நீளத்தின் முப்படியில் கூடும். அதே குழாயில் 100 மி.மீ.க்குப் பதில் 120 போட்டால் சுமார் 1.7 மடங்கு அதிகம் வளையும். ஆகவே உயரமான, கனமான ஆள், நீளமான ஸ்டெம் என்ற கூட்டணிக்கு இறகு ஸ்டெம் ஆகவே ஆகாது. மற்றபடி, விறைப்பான ஸ்டெம் போட்டதால் கை மரத்துப்போகிறது என்பவர்கள் முதலில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கட்டும். குலுக்கலை விழுங்குவதில் டயர் செய்யும் வேலையில் சிறு பங்குகூட ஸ்டெம் செய்வதில்லை.

இனி பாதுகாப்பு. என் முடிவு நிற்பது இங்கேதான்.

சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 தரத்தில் ஹேண்டில்பாரையும் ஸ்டெம்மையும் சேர்த்து மாட்டி, இரண்டு கட்டமாகக் களைப்புச் சோதனை (ஒரே சுமையைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது) செய்வார்கள். முதல் கட்டத்தில் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் ஒரு லட்சம் முறை. அடுத்து இரண்டையும் ஒரே திசையில் ஒரு லட்சம் முறை. முதலாவது நாம் எழுந்து நின்று ஏறுவது. இரண்டாவது இறங்கும்போது பிரேக் பிடித்து, உடம்பு முழுக்கக் கையில் சாய்ந்து, பள்ளத்தில் 'தட்'டென்று இறங்குவது. ஒரு ஏற்றத்தில் கால் மணி நேரம் நின்று மிதித்தால் மட்டும் ஆயிரம் இழுப்பு சேர்ந்துவிடும். சோதனையில் கொடுக்கும் விசை நம் சாதாரண இழுப்பைவிட அதிகம். அதனால் நூறு ஏற்றத்தில் ஒடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் எஃகைப் போல 'இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை இழுத்தாலும் ஒன்றும் ஆகாது' என்ற எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. ஒவ்வொரு இழுப்பும் கணக்கில் ஏறும். மெலிந்த சுவரில் அந்தக் கணக்கு சீக்கிரம் தீரும்.

வடிவமைக்கும்போது போட்ட சுமை ஒன்று, உண்மையில் விழும் சுமை வேறு என்றானால் நடப்பதை 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்த்தோம். ஆஸ்திரேலிய அணியின் அலெக்ஸ் போர்ட்டர் டிராக்கில் பறந்துகொண்டிருந்தபோது ஹேண்டில்பார் முறிந்து கையோடு வந்துவிட்டது. களைப்பால் வந்த முறிவு என்றது விசாரணை. அது டைட்டானியம். வழவழப்பான டிராக்கில் நடந்தது. அங்கே தடுப்புச் சுவருக்கு அப்பால் பள்ளத்தாக்கு கிடையாது.

கார்பனில் பயம் வேறு மாதிரி. நல்ல கார்பன் களைப்பை அலுமினியத்தைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரு தடவை விழுந்த பிறகு உள்ளே அடுக்கு விட்டிருக்கிறதா என்பது வெளியே தெரியாது. அலுமினியம் என்றால் பெரும்பாலும் போல்ட் துளையை ஒட்டி, அல்லது பாரைப் பிடிக்கும் வாய்க்குப் பின்னால், முடி போல ஒரு கோடு முதலில் தெரியும். வியர்வையைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். அதற்காக விழுந்த அலுமினியத்தை நம்பிவிடவும் வேண்டாம். 2006 பாரிஸ்-ரூபே பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்கேப்பி முதலில் ஒரு முறை விழுந்தார், எழுந்து ஓட்டினார். பிறகு கல் பாவிய சாலையில் ஃபோர்க்கின் அலுமினிய ஸ்டியரர் (ஸ்டெம் பிடித்திருக்கும் மேல்குழாய்) முறிந்து, தோள்பட்டை போனது.

இணையத்தில் பெயரே இல்லாமல் மலிவாக வரும் 'அல்ட்ரா லைட்' சரக்கு நான்காவது வகை. எந்தச் சோதனையில் தேறியது என்ற ஒரு வரி கிடைக்காத பொருளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. தள்ளிவிட்டேன்.

நான் சொல்வது முதல் வகைதான்: ஃபோர்ஜிங் ஸ்டெம், முன்னால் நான்கு போல்ட், 130 கிராமை ஒட்டி. இரண்டு போல்ட் மாடலில் ஒன்று போனால் பார் கையோடு வந்துவிடும். நான்கில் ஒன்று போனால் இன்னும் மூன்று பிடித்திருக்கும். உடல் எடை 65 கிலோவுக்குக் கீழே, ஸ்டெம் 90 மி.மீ., இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை முகம் சுளிக்காமல் தூக்கிப்போட்டு மாற்றத் தயார் என்றால், பெயருள்ள கம்பெனியின் இறகு ஸ்டெம்மும் தப்பில்லை. டைட்டானியம் போல்ட் ஆசை வேண்டாம். முன்னால் நான்கு, பின்னால் இரண்டு என ஆறையும் மாற்றினாலும் 10 கிராம் மிச்சமானால் பெரிது. அலுமினியம் போல்ட்டை ஸ்டெம் பக்கமே கொண்டுவராதீர்கள்.

எதை வாங்கினாலும் கெடுப்பது இறுக்கும் கைதான். "நல்லா முறுக்கிட்டேன் தம்பி, இனி ஆனை இழுத்தாலும் அசையாது" என்று மெக்கானிக் அண்ணன் பெருமையாகச் சொன்னால், கொஞ்சம் தளர்த்தித் திரும்ப இறுக்கச் சொல்லுங்கள். ஸ்டெம் மேலேயே பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். 10 செ.மீ. ஆலன் கீயின் நுனியில் 5 கிலோ அழுத்தம், அவ்வளவுதான். முழங்கை பலத்தில் முறுக்கினால் அதைத் தாண்டிப் போய்விடும். அலுமினியத்தில் மரை போகும், கார்பன் ஸ்டியரர் நசுங்கும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் ஒன்று வாங்கி நாலைந்து பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். முன்பக்க நான்கையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவாக இருக்கும்படி. மேலே இடைவெளியே இல்லாமல் மூடச் சொல்லும் மாடல்களும் உண்டு. பெட்டியோடு வரும் தாளைப் பார்த்துவிடுங்கள். சேலம் வெயிலில் சொட்டும் வியர்வை நேராக விழுவது அந்த போல்ட்களின் தலையில்தான். துரு கண்ட போல்ட்டைத் துடைத்து மறுபடி மாட்ட வேண்டாம். புதியது வாங்கிப் போடுங்கள்.