விசிபிலிட்டியை அட்டவணையாக்க எந்த வழி?

விசிபிலிட்டி என்பது ரேடியோ தொலைநோக்கியின் இரண்டு ஆண்டெனா சிக்னல்களைச் சேர்த்து ஒப்பிடும்போது கிடைக்கும் கலப்பெண். முதலில் ஒரு கணக்கு. புனே அருகேயுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியில் 30 ஆண்டெனா. ஜோடி சேர்த்தால் 435; ஒவ்வொரு ஜோடியும் ஒரு பேஸ்லைன். 2048 சேனல் (அதிர்வெண் துண்டு), ஆர்ஆர், எல்எல் என்று இரண்டு போலரைசேஷன். 8 வினாடிக்கு ஒரு பதிவு என்றால், அந்த ஒரே பதிவில் 17,81,760 கலப்பெண்கள். எக்செல் தாளில் 10,48,576 வரிசைக்கு மேல் ஏறாது. ஆக, 8 வினாடித் தரவே ஒரு தாளுக்குள் அடங்காது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 80 கோடி எண்கள். காசா மென்பொருளின் தரவு வடிவமான மெஷர்மென்ட் செட்டில் அது 6.4 ஜிபி. எண்ணுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு 80 எழுத்து என்று சிஎஸ்வியாக எழுதினால் 64 ஜிபி.

வாளையாறு தாண்டி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 8 ஜிபி ராம் மடிக்கணினியோடு ப்ராஜெக்ட் செய்யும் முதுகலை மாணவருக்கு இதனால் ஒன்று தெளிவாகிவிடுகிறது: மொத்தத்தையும் கொட்டி எடுத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. சராசரி எடுத்துச் சுருக்கிய பிறகுதான் எழுத வேண்டும். அந்தச் சுருக்கலை யார் செய்கிறார்கள், அதில் நம் கைக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

எல்லா வழிக்கும் முன்வேலை ஒன்றே. ஜிஎம்ஆர்டியின் மூலக்கோப்பான எல்டிஏவை லிஸ்ட்ஸ்கேன், ஜிவிஃபிட்ஸ் என்ற கருவிகள் வழியே ஃபிட்ஸ் (வானியலின் பொதுக் கோப்பு வடிவம்) ஆக்கி, காசாவில் இறக்கி, கெட்ட தரவுக்கு ஃபிளாக் போட்டு, பேண்ட்பாஸ் (சேனலுக்குச் சேனல் மாறும் உணர்திறன்) உட்பட அளவுத்திருத்தம் முடித்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு நிறமாலை போதும் என்றால் காசாவின் வரைபடக் கருவி பிளாட்எம்எஸ். எக்ஸ் அச்சில் அதிர்வெண், ஒய் அச்சில் வீச்சு. நேரம், ஸ்கேன், பேஸ்லைன் மூன்றுக்கும் சராசரியை இயக்கி, ஏற்றுமதி வடிவத்தை டிஎக்ஸ்டி என்று கொடுத்தால் உரைக்கோப்பு வந்துவிடும். ஃபிளாக் ஆனவை தாமாகவே விலகும். பத்து நிமிட வேலை. ஆனால் ஒய் அச்சுக்கான நெடுவரிசையைக் குறிப்பிடாவிட்டால் அது எடுப்பது திருத்தாத மூலத் தரவை. ‘கரெக்டட்’ என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஆர்ஆரும் எல்எல்லும் தனித்தனி வரிசைகளாக ஒரே கோப்பில் கிடக்கும். பிரிக்காமல் வரைந்தால் கோடு ரம்பப் பல்போல ஏறி இறங்கும். அதை உறிஞ்சல் கோடு என்று நம்பிவிடக் கூடாது. கலப்பெண்ணை விட்டு வீச்சை மட்டும் சராசரி எடுக்கும் ஸ்கேலர் சராசரியைத் தொடவே வேண்டாம். வீச்சு எப்போதும் நேர்மறை எண், அதனால் இரைச்சலும் கூடிச் சேர்ந்து அடித்தளத்தையே உயர்த்திக் காட்டும்.

யூவிஃபிட்ஸாக (விசிபிலிட்டிக்கான ஃபிட்ஸ் வடிவம்) ஏற்றுமதி செய்து, பைதானின் வானியல் நூலகமான ஆஸ்ட்ரோபையில் திறப்பது இரண்டாவது வழி. கோப்பை இன்னொருவருக்கு அனுப்பவோ ஏய்ப்ஸ் என்ற பழைய ரேடியோ வானியல் மென்பொருளில் திறக்கவோ இது நல்ல பெட்டி. அட்டவணைக்கு நல்ல பாதை அல்ல. பேஸ்லைனின் ஆயங்களான யூ, வி, டபிள்யூ மீட்டரில் இல்லாமல் வினாடியில் இருக்கும். ஒளிவேகத்தால் பெருக்க வேண்டும். ஃபிளாக் தனியாக இருக்காது, எடை எதிர்மறையாக இருந்தால் அதுதான் ஃபிளாக். பேஸ்லைன் எண்ணை 256-ஆல் வகுத்தால் ஈவு முதல் ஆண்டெனா, மீதி இரண்டாவது. அந்த எண்கள் 1-இல் தொடங்கும். மெஷர்மென்ட் செட்டிலோ 0-இல். சித்தூர் என்றதும் பாலக்காட்டுச் சித்தூரா, ஆந்திரச் சித்தூரா என்று கேட்டுக்கொள்வோமே, அதேபோல 5-ஆம் ஆண்டெனா என்றால் எந்தக் கோப்பின் 5 என்று கேளுங்கள். எண்ணை விட்டு ஆண்டெனாப் பெயரையே அட்டவணையில் எழுதுவது இன்னும் நல்லது.

ஏய்ப்ஸ் பழகியவர்களுக்கு நிறமாலை வரையும் பாஸ்ம் கட்டளையின் அவுட்டெக்ஸ்ட் (உரைக்கோப்பாக எழுதும் அமைப்பு) போதும். கோப்புப் பெயரில் சின்ன எழுத்து வேண்டுமானால் முடிவு மேற்கோள்குறியைப் போடாமல் விட வேண்டும் என்ற விசித்திரம் அங்கே உண்டு. இதற்காகவே ஏய்ப்ஸ் கற்பது வீண்.

உண்மையான பகுப்பாய்வுக்கு எங்கள் தேர்வு, பைதானில் மெஷர்மென்ட் செட்டை நேரே படிப்பது. அங்கே ஒரு வரிசை என்பது ஒரு பேஸ்லைனின் ஒரு நேரப் பதிவு, 32 கேபி; 10,000 வரிசையாக எடுத்தால் தரவு மட்டும் 330 எம்பி, 8 ஜிபி ராம் தாங்கும். கெட்கால் கட்டளைக்குத் தொடக்க வரிசையும் எண்ணிக்கையும் கொடுத்துச் சுற்றில் ஓட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஃபிளாக் இல்லாதவற்றின் எடை × விசிபிலிட்டி கூட்டுத்தொகை, எடைகளின் கூட்டுத்தொகை இரண்டையும் சேனல்வாரியாகச் சேர்த்து, கடைசியில் ஒரே ஒருமுறை வகுங்கள். துண்டுக்குத் துண்டு சராசரி எடுத்து, அவற்றை மறுபடி சராசரி எடுத்தால் எடைகள் குழம்பிவிடும். எழுத வேண்டிய நெடுவரிசைகள்: சேனல், அதிர்வெண், போலரைசேஷன், மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி, மொத்த எடை, சேர்ந்த எண்ணிக்கை.

சறுக்கும் இடங்கள் இங்கும் உண்டு. மெஷர்மென்ட் செட்டைப் படிக்க இரண்டு பைதான் நூலகங்கள் உண்டு. காசாடூல்ஸ் தரும் அடுக்கு போலரைசேஷன், சேனல், வரிசை. பைதான்-காஸாகோர் தருவது அதன் தலைகீழ். ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றதில் ஓட்டினால் சில நேரம் பிழையே காட்டாமல் தவறான விடை வரும். வரிசையில் இருக்கும் டேட்டா டெஸ்க்ரிப்ஷன் எண்ணும் ஸ்பெக்ட்ரல் விண்டோ (அதிர்வெண் பட்டை) எண்ணும் ஒன்றல்ல, இடையில் ஓர் அட்டவணை இருக்கிறது. இடம் மிச்சமாகட்டும் என்று நேரத்தை 32 பிட்டுக்குச் சுருக்காதீர்கள். அது சுமார் 500 கோடி வினாடி என்ற அளவிலான எண். 32 பிட்டில் 512 வினாடிப் படிகளாக உடைந்துவிடும். அதிர்வெண்ணும் 1420 மெகாஹெர்ட்ஸ் அருகே 128 ஹெர்ட்ஸ் படியாகும்.

பேஸ்லைன்களைக் கூட்டும் முன் கட்ட மையம் (ஃபேஸ் சென்டர், கட்டம் பூஜ்யமாகக் கொள்ளப்படும் திசை) மூலத்தின்மேல் இருக்க வேண்டும். புள்ளி மூலமாக இருந்து அளவுத்திருத்தமும் சரியானால் கற்பனைப்பகுதி பூஜ்யத்தைச் சுற்றியே ஆடும். அந்த ஆட்டத்தின் அளவே உங்கள் இரைச்சல். அது ஒரு பக்கமாகச் சரிந்தால் மையம் தவறு, அல்லது புலத்தில் வேறொரு பிரகாசமான மூலம் இருக்கிறது. விரிந்த மூலத்துக்கு இந்த வழி எதுவுமே பொருந்தாது. படக்கனம் (சேனலுக்கு ஒரு படமாக அடுக்கியது) செய்து அதிலிருந்து நிறமாலை எடுங்கள்.

வெவ்வேறு நாள் தரவைச் சேர்ப்பதாக இருந்தால், சராசரிக்கு முன்பே காசாவின் எம்எஸ்டிரான்ஸ்ஃபார்ம் கொண்டு, பூமியின் இயக்கத்தைக் கழித்த எல்எஸ்ஆர்கே சட்டகத்துக்கு மாற்றிவிடுங்கள். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் விநாடிக்கு 30 கிமீ; மூலம் பூமியின் சுற்றுத்தளத்துக்கு அருகில் இருந்தால் ஆறு மாத இடைவெளியில் கோட்டின் வேகம் விநாடிக்கு 60 கிமீ வரை நகரும். 200 மெகாஹெர்ட்ஸில் 16,384 சேனல் என்றால், 1420 மெகாஹெர்ட்ஸ் அருகே சேனலுக்கு விநாடிக்கு 2.6 கிமீ. கோடு இருபதுக்கும் மேற்பட்ட சேனல் தள்ளி நின்று, சராசரியில் கரைந்தே போய்விடும்.