எச்ஓ பைப்லைன் கிட்: எல்போவுக்காக வாங்கலாம், பைப்புக்காக வேண்டாம்

மொடல் ரெயில்வே செய்யிற ஆக்களுக்கு மட்டும் இது. ஓன்லைன்ல ஒரு எச்ஓ, அதாவது உண்மையானதில 87ல ஒரு பங்கு அளவு, பைப்லைன் கிட் எடுத்தன், பெட்டியில கம்பனிப் பேரே இல்லை, சாம்பல் கலர் ஏபிஎஸ் பிளாஸ்ரிக், உள்ளுக்கு நேர் பைப், எல்போ (வளைவு மூட்டு), டீ (மூண்டு வாய் மூட்டு), ஃபிளாஞ்ச் (குழாய்களைப் போல்ட் போட்டுப் பூட்டுற வட்டத் தட்டு), கேட் வால்வு எல்லாம் கிடக்கு. கொழும்புக்குக் கிட்ட கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிப் பக்கம் மாதிரி ஒரு சைடிங் (பக்கத் தண்டவாளம்) கட்டுறன், டேங்க் வாகன் நிக்கிற இடத்தில பைப் இல்லாட்டி அது சும்மா தண்டவாளம்தானே.

எல்போ அருமை. உண்மையான லைன்ல எட்டு இன்ச் குழாய் திரும்பினா அந்த வளைவின்ட ஆரை அனேகமா 12 இன்ச், அதாவது குழாய் சைஸைப் போல ஒண்டரை மடங்கு, 87ஆல பிரிச்சா 3.5 மி.மீ. வரும், கிட்டில அளந்தா கிட்டத்தட்ட அதேதான். கனபேர் வயரை டக்கெண்டு மடிச்சு விடுவினம், பிறகு பாத்தா எண்ணெய் லைன் மாதிரி இராது, பாத்ரூம் எஸ்லோன் பைப் மாதிரி இருக்கும். ஃபிளாஞ்சும் சோக்கா இருக்கு, எட்டு போல்ட்டும் லென்ஸ் வைச்சு எண்ணலாம்.

நேர் பைப் துண்டுகள்தான் மோசம். கட்டைக் கட்டையா இருக்கு, நடுவால அச்சுக் கோடு வேற, சுரண்டினா வட்டம் போயிடும். எட்டு இன்ச் குழாயின்ட வெளி விட்டம் 219 மி.மீ., எச்ஓவில 2.5. புறக்கோட்டைப் பக்கம் ஹாட்வெயார்ல 2.4 மி.மீ. டிக் வெல்டிங் கம்பி எடுங்கோ, ஒரு மீட்டர் நீளம், நேர் எண்டா நேர், மூட்டில ஃபிளாஞ்ச் வந்தா அந்தச் சின்ன வித்தியாசம் ஆருக்கும் விளங்காது. கம்பிக்கு சுப்பர் குளூ போதும், ஆனா ஏபிஎஸ்ஸோட ஏபிஎஸ் ஒட்ட, ஸ்டைரீன் எண்ட மற்றப் பிளாஸ்ரிக்குக்கு மட்டும் எண்டு விக்கிற பசையை நம்ப வேண்டாம், சரியாப் பிடிக்காது. முந்தி காதுக் குச்சியை வெட்டிப் பாவிச்ச ஆக்கள் இருக்கினம், 2021ல இலங்கையில பிளாஸ்ரிக் குச்சியைத் தடை செய்தாப் பிறகு அந்தக் கதையும் முடிஞ்சுது, அதில பெயின்றும் ஒழுங்கா நிக்காதே.

வால்வு பரவாயில்லை, ஆனா எல்லாத்திலயும் சக்கரத்துக்கு மேல தண்டு நீட்டிக்கொண்டு நிக்குது. இந்த வகைக் கேட் வால்வில தண்டு வெளிய நிண்டா திறந்திருக்கு எண்டு அர்த்தம். வாகன் நிக்காத இடத்தில எல்லா வால்வும் திறந்து கிடந்தா தெரிஞ்சவன் சிரிப்பான், அங்க தண்டைச் சக்கரத்தோட வெட்டி விடுங்கோ, ஒரு நிமிச வேலை.

மற்றது எல்போ காணாது. வெயில்ல கிடக்கிற இரும்பு நீளும், 100 மீட்டர் குழாய் 10 டிகிரி கூடினாலே 12 மி.மீ. கிட்ட, அந்த நீட்சிக்கு இடம் குடுக்கத்தான் நீள லைன்ல அங்கங்க யூ மாதிரி வளைச்சு விடுறது. லேஅவுட்டில அந்த யூ ஒண்டு வந்தாலே பார்வை மாறும், ஆனா ஒரு யூவுக்கு நாலு எல்போ போகும், ரெண்டு யூ போட்டா கிட் காலி. பெயின்ற் அலுமினியம் கலர்தான் அடிச்சன், மினுக்கம் வேண்டாம், எண்ணெய்க் கறுப்பு வாகன் நிரப்புற வால்வுக்குக் கீழ மட்டும்.

கப்பல் கூலியும் சேர்த்தா விலை உறைக்குது. எல்போவை மட்டும் தனியா விப்பீங்களோ எண்டு வித்த ஆளிட்டக் கேட்டிருக்கிறன், இன்னும் பதில் இல்லை.