மணிமேகலையா, குந்தவையா, ஆதிரையா, வள்ளியா?

வீட்டில் மூத்தவன் இளங்கோ, அடுத்தவள் கோதை. மூன்றாவதும் பெண் என்றதும் பட்டியலில் கடைசிவரை நின்றவை நாலு பெயர்கள்: மணிமேகலை, குந்தவை, ஆதிரை, வள்ளி. வைத்தது வள்ளி. நாலும் பழைய பெயர்கள், நாலுமே அண்ணன், அக்கா பெயர்களோடு ஒட்டும். பொருளிலும் எதற்கும் குறை சொல்ல முடியாது.

குந்தவை சீக்கிரமே போய்விட்டது. ராஜராஜனின் அக்கா, தஞ்சையில் அப்பா சுந்தர சோழர் பெயரில் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, வைத்தவர் என்று பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் 'குந்து' என்றால் உட்கார் என்று அர்த்தம். வகுப்பில் டீச்சர் பெயரைக் கூப்பிட்டதும் பின்பெஞ்சு என்ன சொல்லும் என்று நானே சொல்லிவிடுவேன்.

மணிமேகலை என் கணவரின் விருப்பம். இளங்கோவுக்குத் தங்கை என்றால் மணிமேகலைதான் என்பது அவர் வாதம். அந்தக் காப்பியத்தை எழுதியவர் சாத்தனார் ஆயிற்றே என்றேன், இருவரும் நண்பர்கள்தானே என்று சமாளித்தார். சரி, அதை விடுங்கள். ஐந்தெழுத்துப் பெயரை யாரும் முழுதாகக் கூப்பிடப் போவதில்லை. 'மணி' ஆகிவிடும். எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு மணி இருக்கிறார்கள், இருவருமே ஆண்கள்.

ஆதிரைதான் கடும் போட்டி. அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் பெயர், திருவாதிரையையும் நினைவூட்டும், கூப்பிடவும் இனிமை. இதைத் தள்ளியதற்கு ஒரே காரணம் ஆங்கில எழுத்து. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

இளங்கோ பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் 'ஐ'யில் தொடங்குகிறது. பேச்சில் 'எளங்கோ' என்றுதான் வரும், அதனால் ஆதார் எடுத்த இடத்தில் டைப் செய்தவர் கை தானாக 'ஈ'க்குப் போய்விட்டது. பள்ளிப் பதிவில் 'ஈ'யோடு கடைசியில் ஒரு 'வி ஏ என்' சேர்ந்து இளங்கோவன் ஆகியிருந்தான். கோதை இன்னும் மோசம். 'கே'யா 'ஜி'யா என்பது ஒரு கேள்வி, நடுவில் 'டி'யா, 'டி ஹெச்'சா என்பது இன்னொன்று. சொந்தக்காரர்கள் அனுப்பும் பணவிடையிலும் பரிசுப் பொருளில் ஒட்டிய சீட்டிலும் எல்லா விதமும் வந்திருக்கின்றன. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். சான்றிதழ்ப் பெயரையே மாற்ற வேண்டும் என்றால் அரசிதழ் வரை போக வேண்டும். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரமே பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் வந்துவிட்டதால், அதில் இருக்கும் எழுத்துதான் எல்லா இடத்துக்கும் போகும்.

அதனால் இந்த முறை ஒவ்வொரு பெயரையும் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று தாளில் எழுதிப் பார்த்தேன். ஆதிரைக்கு முதலில் ஒரு 'ஏ'யா இரண்டா. அப்புறம் 'டி', 'டி ஹெச்', இரண்டு தினுசு 'டி'யிலும் (T, D). ஆக எட்டு வழி. குந்தவைக்கு மூன்று. மணிமேகலைக்குப் பெரும்பாலும் இரண்டுதான், 'க'வுக்கு 'கே' அல்லது 'ஜி'. ஆனால் நடுவில் இடம் விட்டு மணி ஒரு பெயராகவும் மேகலை இன்னொரு பெயராகவும் பிரித்து அடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். வள்ளிக்கு ஒன்றே ஒன்று.

பார்த்தவரையில் சிக்கல் வருவது நெடில், த, க, ழ, இந்த இடங்களில்தான். குறிலும் இரட்டை மெய்யும் வரும் பெயர்கள் தப்பித்துவிடுகின்றன. பொன்னி, அல்லி, முல்லை, வெண்ணி எல்லாமே அப்படித்தான். யாழினி, குழலி என்று ஆசைப்படுபவர்கள் 'இஸட் ஹெச்' போடுவதா, வெறும் 'எல்' போடுவதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எழுத்துக் கணக்கில் மட்டும் வள்ளி ஜெயிக்கவில்லை. கோதையைப் பெரியாழ்வார் துளசி வனத்தில் கண்டெடுத்தார், வள்ளியை நம்பிராஜன் கிழங்கு அகழ்ந்த குழியில் கண்டெடுத்தான். ஒருத்தி அரங்கனை மணந்தாள், இன்னொருத்தி முருகனை. அக்கா தங்கைக்கு இதைவிடப் பொருத்தம் தேடினாலும் கிடைக்காது. பழமை வேண்டுமென்றால் முருகனோடு வள்ளி நற்றிணையிலேயே வருகிறாள். நட்சத்திரம் பார்க்கிற என் மாமியாருக்கும் குறையில்லை: பாப்பா ரோகிணி, அதற்கு எழுத்து ஓ, வ, வி, வு.

என் அப்பா வள்ளியம்மை என்று வைக்கச் சொன்னார். தில்லையாடி வள்ளியம்மை மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் 'யம்மை' சேர்ந்ததும் நடுவில் 'ஒய்' வேண்டுமா வேண்டாமா என்று பழைய கதை ஆரம்பித்துவிடும். அப்பா வீட்டில் அப்படியே கூப்பிடுகிறார், பதிவில் வள்ளி மட்டும்தான்.

குறைகளும் உண்டு. வள்ளிக்கிழங்கு என்று கேலி செய்வார்கள். கதையிலேயே கிழங்கு இருக்கிறது, என்ன செய்ய! நம் ஊரைத் தாண்டினால் 'ள' போய் 'வல்லி' ஆகிவிடும். இந்தக் காலத்துப் பெண்ணுக்கு இது பாட்டி பெயராகத் தோன்றுமா என்பதை அவள் வளர்ந்துதான் சொல்ல வேண்டும், இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறாள். வெளிநாட்டு விண்ணப்பங்களில் குடும்பப் பெயர் கேட்கும்போது நம் இனிஷியல் படும் பாடு தனி. அதில் நாலு பெயருக்கும் ஒரே நிலைதான்.

இன்னும் யோசிப்பவர்களுக்கு ஒன்று. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், ஆனால் பெயரை அப்போதே கொடுக்க வேண்டியதில்லை. 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. பெயர் சேர்க்கப் போகும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிய தாளைக் கொண்டுபோங்கள். வாயால் சொல்லாதீர்கள். அச்சாவதற்கு முன் திரையில் ஒரு தடவை காட்டச் சொல்லி, எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.