பழைய ஆட்டங்களுக்காகவே சந்தா கட்டலாம்

அமெரிக்கக் கால்பந்து பார்க்க ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்புக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். நேரலை சுமார்தான், முக்கியமான கட்டத்தில் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும், புகார் சொன்னால் பதிலே வராது. ஆனால் களத்தில் இருக்கும் இரண்டு அணியின் 22 பேரும் தெரிகிற மாதிரி மேலிருந்து எடுத்த பழைய ஆட்டங்களின் காட்சி இருக்கிறதே, அதற்காகவே கட்டிய காசு தகும்.

பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் 2019 சீசனைப் போட்டுப் பாருங்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன், அதை வாங்கி ஓடும் ஓட்டக்காரர் மார்க் இங்கிரமின் வயிற்றருகே நீட்டிக்கொண்டே, ஓரத்தில் வேண்டுமென்றே தடுக்காமல் விட்ட எதிரணி ஆளைக் கவனிக்கிறார். அவன் இங்கிரம் பக்கம் பாய்ந்தால் லமார் பந்தை இழுத்துக்கொண்டு வெளிப்பக்கம் பறக்கிறார், அவன் நின்றால் பந்து இங்கிரம் கையில். ஆக, ஒருவனைத் தொடாமலேயே ஆட்டத்திலிருந்து கழற்றியாயிற்று! டிவி கோணத்தில் இதெல்லாம் பாதிகூடப் புரியாது.

அந்த சீசனில் ரேவன்ஸ் பந்தோடு ஓடி முன்னேறியது 3,296 யார்டு, லீக் சாதனை. லமார் மட்டும் 1,206. ஓட்டத்துக்குப் பயந்து லைன்பேக்கர்கள், அதாவது எதிரணியின் இரண்டாம் வரிசைத் தடுப்பாளர்கள், இரண்டடி முன்னால் வர, பின்னால் எறிந்த பந்தைப் பிடிக்கிற மார்க் ஆண்ட்ரூஸ் தனியாக நிற்பார், சின்ன எறிதலே போதும். லமார் 36 டச்டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் ஆறு புள்ளி) எறிந்ததில் இந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு என்பேன்.

அப்புறம் பிளேஆஃபில் டென்னசி டைட்டன்ஸிடம் 28-12 என்று தோற்ற ஆட்டமும் இருக்கிறது. பின்தங்கியதும் ஓட்டத்தைக் கைவிட்டு, பந்தை எறிந்துகொண்டே இருந்தார்கள், பார்க்கவே கடுப்பு.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். போனில் வேண்டாம், பெரிய திரையில் பாருங்கள்.